போல்ஸ்காவை உட்கார்ந்து கேட்க முடியாது

ஸ்வீடனுக்கு வரும் நம்மவர்கள் இந்நாட்டு நாட்டுப்புற நடனத்தை முதன்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் ஜூன் மாத மிட்சம்மர் விழாவில்தான். இலையும் பூவும் சுற்றிய உயரமான கம்பத்தை நட்டு, அதைச் சுற்றிக் குழந்தைகளும் பாட்டிகளும் கம்பெனி மேலாளர்களும் தவளைபோல் குதிப்பார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்தத் தவளைப் பாட்டின் மெட்டு பிரெஞ்சு ராணுவ அணிவகுப்பு இசையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். விழா முடிந்ததும் நாலு படங்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஸ்வீடிஷ் நடனம் என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

உண்மையான ஆட்டம் நடப்பது நவம்பரில். நான் இருக்கும் உப்சாலாவில் அப்போது பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஏதோ ஒரு வார நாள் மாலையில், பள்ளி உணவுக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஆடுவார்கள். மேடை கிடையாது, பாரம்பரிய உடை கிடையாது, பார்வையாளர் என்று ஒருவரும் கிடையாது. மூலையில் இரண்டு நாற்காலிகளில் இரண்டு பிடில்காரர்கள். மற்ற எல்லோரும் ஆடுகிறவர்கள். இது பெரும்பாலும் ‘படிப்பு வட்டம்’ என்ற ஏற்பாட்டின் கீழ் நடக்கிறது. தையலோ, காளான் அடையாளம் காண்பதோ, எதுவானாலும் சிலர் சேர்ந்து வட்டம் அமைத்துக் கற்றுக்கொள்ளும் பழக்கம் இங்கே நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. அரசு மானியம் இருப்பதால் கட்டணம் குறைவு. ஸ்வீடிஷ் மொழி வராது என்று தயங்க வேண்டியதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, ‘மறுபடியும்’ ஆகிய நான்கு சொற்களை வைத்துக்கொண்டு முதல் பருவத்தைக் கடந்துவிடலாம். மொழி வகுப்பில் வாயைத் திறக்கக் கூசுகிறவர்கள்கூட, யாரோ ஒருவரின் காலை மிதித்துவிட்ட பிறகு தானாகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

அங்கே அதிகம் ஆடப்படுவது போல்ஸ்கா. மூன்று தட்டுகள் கொண்ட ஜோடி நடனம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போலந்துப் பக்கமிருந்து வந்தது. இரண்டு நாடுகளுக்கும் அப்போது நெருக்கம் அதிகம். சிகிஸ்முண்ட் வாசா என்ற அரசர் 1592 முதல் 1599 வரை இரண்டு முடிகளையும் ஒரே தலையில் சுமந்தார். மேட்டுக்குடியினரிடமிருந்து கிராமத்துக்கு இறங்கிய இந்த நடனம், ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு நடையைப் பிடித்துக்கொண்டது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில்கூட ஆட்டம் வேறு வேறாக இருக்கும்.

சிறு வயதில் சில ஆண்டுகள் மிருதங்கம் படித்தவன் நான். மூன்று தட்டு என்றதும் திஸ்ர நடையை மனத்தில் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினேன். தெற்கு, கிழக்கு ஸ்வீடனின் ஸ்லெங்போல்ஸ்கா வரைக்கும் அது ஒத்துவரும். அதில் மூன்று தட்டுகளும் ஏறக்குறைய சம நீளம். டாலர்னா மாவட்டத்து ஊர்சா, பூடா கிராமங்களின் போல்ஸ்கா வந்ததும் கணக்கு நிற்காது. இரண்டாம் தட்டு தன் முறைக்கு முன்பே வந்து, நீண்டு உட்கார்ந்துகொள்ளும். நார்வேயின் டெலமார்க் பகுதி ஸ்ப்ரிங்கார் நடனத்தில் தட்டுகள் நெட்டை, நடுத்தரம், குட்டை என்று வரும். வால்ட்ரஸ் பள்ளத்தாக்குக்குப் போனால் குட்டை, நெட்டை, நடுத்தரம் என்று வரிசை மாறிவிடும். ஐந்தாக எண்ணும் நம் கண்ட நடையையும் ஏழாக எண்ணும் மிச்ர நடையையும்போல இதை முழு எண்களாகப் பிரித்து எழுத முடியாது. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். வாசிப்பவருக்கு வாசிப்பவர் மாறும். ஒரே மெட்டின் இரண்டு வரிகளுக்கு இடையிலும் கொஞ்சம் அசையும்.

இதற்கு விரல்விட்டு எண்ணுவது உதவாது. உடலின் எடை எப்போது கீழே இறங்குகிறது, எப்போது மேலே ஏறுகிறது என்பதில்தான் தட்டின் நீளம் இருக்கிறது. பிடில்காரர்களின் பாதத்தைக் கவனியுங்கள். போல்ஸ்கா வாசிக்கும்போது அவர்கள் முதல் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் மட்டும் தரையில் மிதிப்பார்கள். இரண்டாம் தட்டு ஆடுகிறவரின் முழங்காலில் இருக்கிறது. இசைத்தட்டில் எத்தனை முறை கேட்டும் எனக்குப் பிடிபடாத மெட்டுகள், ஆடத் தெரிந்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்ததும் பிடிபட்டன. ஆகவே இந்த இசையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, வாசிக்க விரும்புகிறவர்களுக்கும் சேர்த்து, நான் சொல்லும் முதல் யோசனை: ஆடக் கற்றுக்கொள்ளுங்கள். கருவி பிறகு.

முதலில் நடை. ஸ்விக்ட் என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். முழங்காலும் கணுக்காலும் மடங்கி நிமிரும் அந்த மெல்லிய ஏற்ற இறக்கம்தான் அது. சுழலும் அடவைக் கற்றுக்கொடுங்கள் என்று புதியவர்கள் எல்லோரும் அவசரப்படுவார்கள். நல்ல ஆசிரியர் அசைந்துகொடுக்க மாட்டார். இசையைப் போட்டுவிட்டுக் கூடத்தைச் சுற்றி வெறுமனே நடக்கச் சொல்வார். முதல் சில வாரங்கள் அதற்கே போய்விடும். இது சலிப்பாக இருந்தால் சலிப்பாகவே இருக்கட்டும். நடையில் ஸ்விக்ட் வந்துவிட்டால் சுழற்சி பாதி வந்துவிட்டது. எந்தப் போல்ஸ்காவில் தொடங்குவது என்று கேட்டால் ஸ்லெங்போல்ஸ்கா என்பேன்: தட்டு சமம், அடி சிறியது, ஜோடி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சுழலும், கூட்டத்தில் யார்மீதும் மோத வேண்டியிராது. ஷாட்டிஸ் என்ற இன்னொரு ஜோடி நடனம் இன்னும் எளிது. ஆனால் அது போல்ஸ்காவுக்கு உங்களைத் தயார் செய்யாது. ஊர்சாவையும் பூடாவையும் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாலையில் ஐந்து ஊர்ப் போல்ஸ்காவைக் காட்டும் பட்டறைகள் உண்டு. ஆடத் தெரிந்தவர்களுக்கு அவை விருந்து, புதியவருக்கு வீண்.

சுழற்சியின் ரகசியம் நமக்குத் தெரியாதது அல்ல. சிறுவயதில் இரண்டு பேர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றியிருப்போமே, அதே இயற்பியல்தான்: இருவரும் சம அளவில் பின்னால் சாய்ந்தால் சுற்று தானாக ஓடும், ஒருவர் தொங்கினால் மற்றவரின் தோள் கழன்றுவிடும். போல்ஸ்காவில் பிடி நெருக்கமானது, சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவு, விதி ஒன்றுதான். கையால் இழுக்காதீர்கள். முதுகை இணையின் கையில் கொடுத்துவிட்டு உங்கள் காலில் நில்லுங்கள்.

தலைசுற்றல் எல்லோருக்கும் வரும். பாலே நடனக்காரர்கள்போல ஒரு புள்ளியைக் குறிவைத்துத் தலையைத் திருப்பும் வித்தை இங்கே பயன்படாது, ஏனென்றால் இரண்டு உடல்கள் சேர்ந்து சுழல்கின்றன. இணையின் தோளையோ முகத்தையோ பாருங்கள். சுவர் ஓடுவதைப் பார்க்காதீர்கள். முகத்தைப் பார்ப்பது நம் பழக்கத்துக்குக் கொஞ்சம் கூச்சம்தான், தோளே போதும். தரையைப் பார்த்தால் கட்டாயம் சுற்றும். தாங்க முடியாவிட்டால் சுழற்சியை விட்டுவிட்டு, இசையோடு சேர்ந்து முன்னோக்கி நடக்கலாம். பல போல்ஸ்காக்களில் அப்படி நடக்கும் பகுதி இயல்பாகவே உண்டு, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செருப்பு விஷயத்துக்கு வருகிறேன், புதியவர்களுக்கு வலி வருவது இதனால்தான். ரப்பர் அடி கொண்ட விளையாட்டுக் காலணி தரையைப் பற்றிக்கொள்ளும். உடல் சுழலும், பாதம் சுழலாது, நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தோல் அடி வைத்த காலணி வேண்டும். பழைய காலணிக்குச் செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டாலும் சரி. கழற்றி மாட்ட ஒரு தனி ஜோடி அவசியம். குளிர்காலத்தில் பனி உறைந்த நடைபாதைகளில் சறுக்காமலிருக்க இங்கே சரளைக்கல் தூவுவார்கள். அது வெளிச்செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து மரத்தளத்தைக் கீறிவிடும். சரளையோடு உள்ளே நுழைகிறவரைப் பார்த்து ஸ்வீடன்காரர்கள் சத்தம் போட மாட்டார்கள். வெறுமனே தரையைப் பார்ப்பார்கள். அது போதும்.

கூடத்துக்கு எழுதப்படாத போக்குவரத்து விதி ஒன்று உண்டு. எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றிவர வேண்டும். நின்ற இடத்தில் சுற்றுகிறவர்களும் பழகிக்கொண்டிருக்கிறவர்களும் நடுவே போய்விட வேண்டும். வெளிவட்டத்தில் நின்று அடவைப் பற்றி விவாதிக்கக் கூடாது. ஆடக் கூப்பிடுவது ஆணின் வேலை என்ற வழக்கம் இப்போது இல்லை. பெண்கள் தாராளமாகக் கூப்பிடுகிறார்கள், பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் ஆடுவதும் சாதாரணம். ஒருவரோடு இரண்டு பாட்டுக்கு ஆடிவிட்டு, நன்றி சொல்லிப் பிரிவது வழக்கம். ஒரே பாட்டோடு கழன்றுகொண்டால் ஏதோ மனக்கசப்பு என்று நினைத்துக்கொள்ளக்கூடும். மூன்றாவது, நான்காவது என்று தொடர்ந்தாலோ வேறு விதமாக நினைக்கக்கூடும். இந்த இரண்டு பாட்டுக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கூச்ச சுபாவமுள்ள ஒரு சமூகம், தன்னையே சமாளிக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு.

இப்படிப் பொதுமக்கள் சேர்ந்து ஆடும் வடிவம் இடையில் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது என்று கேட்டபோது வியப்பாக இருந்தது. அடிகள் பல பக்கமிருந்து விழுந்தன. 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த கிறிஸ்தவ மறுமலர்ச்சி இயக்கங்கள் பிடிலைச் சாத்தானின் கருவி என்றன. ஹெல்சிங்லாந்தின் ஹோர்கா மலைக் கதை அந்த அச்சத்துக்கு நல்ல சாட்சி: அடையாளம் தெரியாத பிடில்காரன் ஒருவன் வந்து வாசிக்க, இளைஞர்கள் நிறுத்த முடியாமல் மலை உச்சிவரை ஆடிச் சென்று, எலும்பு மட்டும் மிஞ்சும்வரை ஆடினார்களாம். பக்திக்குப் பயந்து பிடிலை உடைத்தவர்களும் எரித்தவர்களும் உண்டு. பிறகு அக்கார்டியன் வந்தது. சத்தம் அதிகம், கற்பது எளிது. போல்ஸ்காவின் இடத்தை வால்ட்ஸும் ஷாட்டிஸும் ஹம்போவும் பிடித்துக்கொண்டன.

அதே காலத்தில் நகரத்துப் படித்தவர்கள் ‘நாட்டுப்புற நடனம்’ என்று ஒன்றை மேடையேற்றிக்கொண்டிருந்தார்கள். 1880-இல் எங்கள் உப்சாலாவில் மாணவர்கள் ஃபிலோகோரோஸ் என்ற நடனக் கழகத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் ஆடியவற்றில் பல, ஸ்டாக்ஹோம் அரச ஓப்பராவின் நடன ஆசிரியர் ஆண்டர்ஸ் செலிண்டர் பாலே மேடைக்காக அமைத்தவற்றிலிருந்து வந்தவை. 1891-இல் ஆர்தூர் ஹசேலியஸ் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார்; அங்கும் உடையணிந்த குழுக்கள் ஆடின. வரிசை பிசகாமல், உடை மடிப்புக் கலையாமல் ஆடும் அந்தக் காட்சிதான் தபால் அட்டைகளில் ஏறியது. எனக்கு அது அலுப்பூட்டுகிறது. அழகில்லை என்பதல்ல, எல்லோரும் ஒரே மாதிரி ஆடுவதுதான் குறை. கிராமத்து போல்ஸ்காவில் ஒவ்வொரு ஜோடியும் தன் போக்கில் ஆடும். ஆனாலும் இந்த மேடைக் குழுக்கள் இல்லாமல் போயிருந்தால் ஆர்வமே அணைந்திருக்கும் என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அவர்களை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை.

இசையைக் காப்பாற்றிய கதை கொஞ்சம் வேறு. ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன், டாலர்னாவின் மோரா ஊர்க்காரர், பணமும் புகழும் உள்ளவர், அக்கார்டியனைக் கண்டு எரிச்சல் கொண்டவர். 1906-இல் யேசுண்டா என்ற இடத்தில் பழைய இசைக்கருவி வாசிப்பவர்களுக்கு ஒரு போட்டி நடத்தினார். பிடிலோடு மாட்டுக்கொம்பு ஊதுகிறவர்களும் வந்தார்கள். 1910-இல் ஸ்கான்சனில் நாடு தழுவிய பிடில்காரர்கள் கூட்டம் நடந்தது. இன்றும் சோர்ன் பெயரில் ஒரு பதக்கத் தேர்வு உண்டு. நடுவர்கள் முன் வாசித்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர் ‘ரிக்ஸ்பேல்மன்’ என்று அழைக்கப்படுவார். இன்னொரு பக்கம், சட்டம் படித்தவரான நில்ஸ் ஆண்டர்சன் மெட்டுகளைச் சேகரித்தார். அவர் தொடங்கிய தொகுப்பு 1922 முதல் 1940 வரை 24 பகுதிகளாக வெளிவந்தது; ஏறத்தாழ 8,000 மெட்டுகள். மெட்டு தாளில் ஏறியது. அடவை யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. 1960-களிலும் 70-களிலும் ஆர்வலர்கள் படக்கருவியோடு முதியவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். அடுப்பங்கரையில் ஆடச் சொல்லிப் படமெடுத்து, அடவுகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். இன்று நாங்கள் கற்றுக்கொள்ளும் போல்ஸ்காக்கள் பல அந்த முயற்சியால் மீண்டவை. 1976-இல் ஸ்டாக்ஹோம் அரச இசைக் கல்லூரியிலும் நாட்டுப்புற இசை பாடமாக நுழைந்தது.

உப்சாலாவில் இருப்பதில் ஒரு வசதி, நியூக்கெல்ஹார்பாவின் தாய்மண் இதுதான். வில்லால் இழைத்து, விரலுக்குப் பதில் மரச்சாவிகளால் தந்தியை அழுத்தும் கருவி. கோட்லாந்துத் தீவின் ஒரு தேவாலய வாயிலில் 1350 வாக்கில் செதுக்கப்பட்ட சிற்பம் இதன் மூதாதையைக் காட்டுகிறது என்கிறார்கள். இன்றைய வடிவத்துக்கு 1929-இல் ஆகஸ்ட் பூலின் வழிவகுத்தார். எரிக் சால்ஸ்ட்ரோம் (1912–1986) அதைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். 37 சாவி, 16 தந்தி. வில் தொடுவது நான்கைத்தான். மீதி பன்னிரண்டும் தாமாக அதிர்ந்து ஒலி கூட்டும். 2023-இல் இக்கருவியைப் பரப்பும் அமைப்புகளின் கூட்டுப் பணியை, பண்பாட்டைக் காக்கும் நல்ல முன்மாதிரிகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. உப்சாலாவிலிருந்து கேவ்லே போகும் உள்ளூர் ரயிலில் ஏறினால் டூபோவில் சால்ஸ்ட்ரோம் பெயரிலான பயிற்சி நிலையம் இருக்கிறது. அதே தடத்தில் இன்னும் வடக்கே எல்வ்கார்லபி. 1783 முதல் 1847 வரை வாழ்ந்த பிஸ்-கல்லெ அந்த ஊர்க்காரர்தான். அவருடைய மெட்டுகள் உப்லாந்து என்ற எங்கள் வட்டார வாசிப்பின் அடித்தளம்.

வாங்கும் ஆசை வரும். பொறுங்கள். முதலில் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்குமா என்று இசைச் சங்கங்களில் விசாரியுங்கள். 16 தந்திக்குச் சுருதி சேர்ப்பதே ஒரு வேலை. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டுக்குள் காற்று வறண்டு, மரம் சுருங்கி, நேற்றுச் சேர்த்த சுருதி இன்று இருக்காது, வெடிப்பும் விழலாம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவியையும் பெட்டிக்குள் வைக்கும் ஈரமூட்டியையும் சேர்த்தே வாங்குங்கள். கருவியை வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்காதீர்கள்.

நார்வே தனி உலகம். அங்கே ஹார்டாங்கர் பிடில்: கழுத்துக்கு அடியில் நான்கைந்து அதிர்வுத் தந்திகள், முத்துச்சிப்பி இழைத்த உடல். ஆண்கள் தனியாக ஆடும் ஹாலிங்கில், கம்பின் நுனியில் உயரப் பிடித்த தொப்பியை எம்பி உதைத்து வீழ்த்துவார்கள். கண்ணுக்கு விருந்து, நாற்பதைக் கடந்தவர்கள் முயல வேண்டாம். சேட்டஸ்டால் பள்ளத்தாக்கின் இசை, நடன, பாட்டு மரபு 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. டென்மார்க்கின் ஃபானோ தீவில் சோண்டர்ஹோனிங் என்ற ஜோடி நடனம் தலைமுறை அறாமல் ஆடப்படுகிறது. ஓஸ்லோவில் இருக்கும் நம் ஈழத்து உறவுகளுக்கு டெலமார்க் சில மணி நேரப் பயணம்தான். ஒரு கோடை வார இறுதியை அதற்குக் கொடுக்கலாம்.

ஸ்வீடனில் கட்டாயம் போக வேண்டிய இடம் ஒன்றைச் சொல் என்றால் பிங்ஷோ என்பேன். டாலர்னாவில், ரெட்விக் வட்டாரத்துக் காட்டுக்குள் இருக்கும் சிறு கிராமம். ஜோர்ட் ஆண்டர்ஸ் (1865–1952) என்ற பெரும் பிடில்காரரின் மெட்டுகளால் பெயர்பெற்றது. 1969 முதல் ஜூலையின் முதல் புதன்கிழமை அங்கே பிடில்காரர்கள் கூடுகிறார்கள். மேடை நிகழ்ச்சிகளும் உண்டு. ஆனால் சுவை வெளியே இருக்கிறது. கொட்டகைச் சுவரோரம், கார் நிறுத்தும் புல்வெளி, மரத்தடி என்று எங்கு பார்த்தாலும் நாலைந்து பேர் வட்டமாக நின்று விடியும்வரை வாசிப்பார்கள். இருட்டே சரியாக வராது. கம்பளிச் சட்டையும் கொசு விரட்டும் தைலமும் எடுத்துப் போங்கள், இரண்டும் ஒரே இரவில் தேவைப்படும். பொதுப் போக்குவரத்தை நம்ப வேண்டாம். காரில் இடமுள்ள யாரோடாவது சேர்ந்துகொள்வது நல்லது. தூங்குவதற்கு ஒரு கூடாரம்.

அந்த வட்டங்களில் சேர முறை உண்டு. மெட்டு இரண்டு முறை முழுதாகச் சுற்றி வரும்வரை கேளுங்கள். பிறகு மிக மெதுவாக, உங்களுக்கே கேட்கும் அளவில், கூட வாசியுங்கள். தெரியாவிட்டால் கருவியை இறக்கிவிட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சுரக்குறிப்புத் தாளை விரிப்பது மட்டும் வேண்டாம். உங்கள் முறை வரும்போது எளிய மெட்டைத் தொடங்குங்கள். யாருக்கும் தெரியாத மெட்டை வாசித்து வட்டத்தை ஊமையாக்குவதில் பெருமை இல்லை. ஆடுகிறவர்கள் யாராவது பக்கத்தில் வந்துவிட்டால் வேகத்தை அவர்கள் காலிடம் விட்டுவிடுங்கள்.

கைப்பேசியில் பதிவு செய்ய விரும்பினால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பெரும்பாலும் தலையசைப்பார்கள். மெட்டு முடிந்ததும் இது யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். பல மெட்டுகளுக்குப் பெயரே கிடையாது. ‘இன்னாரிடமிருந்து வந்த போல்ஸ்கா’ என்றுதான் சொல்வார்கள். அந்த இன்னார் யாரிடம் கற்றார், எந்த ஊர், இப்போது வாசித்தவர் எங்கே கேட்டார் என்று நீளும் பேச்சில்தான் அடுத்த பட்டறைக்கான அழைப்பும் வரும். கேட்டதை அங்கேயே பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலில் சொல்லிச் சேர்த்துவிடுங்கள், அல்லது கோப்பின் பெயராக எழுதிவிடுங்கள். ‘புதிய பதிவு’ என்ற ஒரே பெயரில் வரிசையாகக் கிடக்கும் போல்ஸ்காக்களில் எது ஊர்சா, எது பூடா என்று ஆகஸ்டு மாதத்தில் உங்களால் சொல்ல முடியாது.